அண்டை வீட்டுப் பாஷை

ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் நடுவே சுஷிமா என்றொரு தீவு இருக்கிறது. வானம் நிர்மலமாக இருக்கும் நாட்களில் அதன் வடகரையில் நின்று பார்ப்பவர்களுக்கு, சுமார் 50 கிலோமீட்டருக்கு அப்பால், கொரியாவின் பூசான் துறைமுகத்துக் கரை மங்கலாகத் தெரியும். அந்தத் தீவின் பிரபுவினிடம் உத்தியோகம் பார்த்துவந்த அமெனோமோரி ஹோஷூ என்ற பண்டிதர், சீன சாஸ்திரங்களிலே கரைகண்டவர். கொரிய அதிகாரிகளோடு விவகாரம் பேசவேண்டி வந்தால் தூரிகையை எடுத்துச் சீன எழுத்தில் எழுதிக் காட்டினாலே போதும், அவர்களும் அதே எழுத்தில் விடை எழுதிக் காட்டிவிடுவார்கள் என்னும் சௌகரியம் அவருக்கு இருந்தது. அப்படியிருந்தும், தூரிகையினால் ஏற்படும் பழக்கம் வாய்திறந்து பேசிப் பழகுவதற்கு ஈடாகாது என்று உணர்ந்த அவர், 1703-ஆம் ஆண்டில், 35 வயதான பின்பு, கடலைக் கடந்து பூசானிலிருந்த ஜப்பானியர் குடியிருப்பில் போய்த் தங்கிக் கொரிய பாஷையை அரிச்சுவடியிலிருந்து கற்றார். 1727-ல் சுஷிமாவில் கொரிய பாஷை கற்பிப்பதற்கென்றே ஒரு பாடசாலை ஏற்பட்டதற்கும் அவருடைய முயற்சியே காரணம்.

இன்று ஜப்பானிய பாஷையைச் சில வருஷங்கள் சிரத்தையாகப் படித்துவிட்டுக் கொரிய பாஷையைத் தொடங்குகிற மாணவனும் ஏறக்குறைய அந்தப் பண்டிதரின் நிலையிலேயே இருக்கிறான். அவனிடம் ஏற்கெனவே ஒரு பெரிய மூலதனம் இருக்கிறது. மற்றவர்கள் நெடுங்காலம் நடந்து கடக்கவேண்டிய தூரத்தை அவன் சில மாதங்களில் கடந்துவிடலாம். ஆனால் அந்த மூலதனமே அவனை ஏமாற்றவும் கூடும். இரண்டு பாஷைகளும் எங்கே ஒன்றுபோல் நடக்கின்றன, எங்கே பிரிந்து போகின்றன, பிரியுமிடத்தில் தமிழர்களாகிய நமக்கு நம் தாய்பாஷையே எப்படித் துணைக்கு வருகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒற்றுமையைப் பார்ப்போம். ‘நான் நேற்று நூல்நிலையத்தில் புத்தகம் படித்தேன்’ என்பதை ஜப்பானியர், ‘வாதாஷி வா கினோ தோஷோகான் தே ஹோன் ஓ யோந்தா’ என்பார்கள். கொரியர், ‘நானுன் ஓஜே தோசோக்வானெசோ சேகுல் இல்கோத்தா’ என்பார்கள். நான், நேற்று, நூல்நிலையத்தில், புத்தகத்தை, படித்தேன் என்று தமிழில் சொற்கள் நிற்கும் அதே வரிசையில் இரண்டிலும் சொற்கள் நிற்கின்றன. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே வருகிறது, வினை வாக்கியத்தின் கடைசியில் வந்து அமர்கிறது. ‘படித்தேன்’ என்பதிலுள்ள ‘ஏன்’ விகுதி மட்டும் அவ்விரு பாஷைகளிலும் இல்லை. யார் படித்தது என்பதை வினைச்சொல் அங்கே காட்டுவதில்லை. எழுவாயை வெறுமனே சுட்டுவதற்கு ஓர் இடைச்சொல்லும், ‘இன்னாரைப் பற்றிப் பேசுகிறேன்’ என்று விஷயத்தை எடுத்து வைப்பதற்கு மற்றோர் இடைச்சொல்லும் ஜப்பானிய பாஷையில் உண்டு. அந்த நுட்பமான வித்தியாசத்தைப் பிடிப்பதற்கு ஜப்பானியம் படிப்பவர்கள் படும் பிரயாசை கொஞ்சமல்ல. கொரிய பாஷையிலும் அதே பாகுபாடு ஏறக்குறைய அப்படியே இருப்பதனால், ஒருமுறை பட்ட சிரமம் இரண்டாம் முறைக்கும் பலன் தருகிறது. சுட்டுச்சொற்களிலும் அப்படித்தான். பேசுகிறவனுக்கு அருகில் இருப்பது, கேட்கிறவனுக்கு அருகில் இருப்பது, இருவருக்கும் தொலைவில் இருப்பது என்று மூன்றாகப் பகுத்து, ஜப்பானியர் ‘கோரே, சோரே, ஆரே’ என்கிறார்கள். கொரியரும் அவ்வாறே பகுக்கிறார்கள். இது, உது, அது என்று இன்றும் வழங்கிவரும் யாழ்ப்பாணத்தாருக்கு இதில் கற்கவேண்டியது ஒன்றுமே இல்லை.

இவ்வளவு ஒற்றுமையைக் காண்கிறவர்கள், இரண்டு பாஷைகளும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று முடிவுகட்ட விரும்புவது இயல்பே. 1879-ஆம் ஆண்டிலேயே ஆஸ்டன் என்ற பிரிட்டிஷ் அறிஞர் இரண்டையும் ஒப்பிட்டு எழுதினார். 1905-ல் ஹல்பர்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார் கொரிய பாஷையைத் திராவிட பாஷைகளோடு ஒப்பிட்டு ஒரு நூலே வெளியிட்டார்; பிற்காலத்தில் ஜப்பானியப் பேராசிரியர் ஸுஸுமு ஓனோ, ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவுண்டென்று வாதித்தது நம்மவர் பலருக்குத் தெரிந்த செய்தி. ஆயினும் இந்த உறவுகளில் எதையும் மொழிநூலார் பொதுவாக நிரூபணமானதாக ஒப்புக்கொள்வதில்லை. எழுவாயைக் காட்டும் ‘கா’ என்ற உருபு ஜப்பானியத்திலும் கொரியத்திலும் ஒரே ஓசையோடு இருப்பதைக் கண்டு மாணவன் பரவசப்படுகிறான். ஆனால் 15-ஆம் நூற்றாண்டுக் கொரிய நூல்களில் அந்தக் ‘கா’ இல்லை, ‘இ’ என்னும் உருபு மட்டுமே இருக்கிறது. ஓசை ஒத்திருப்பதை உறவுக்குச் சாட்சியாகக் கொள்ளலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

உறவு சந்தேகத்துக்கு இடமானாலும், இருவரும் கடன் வாங்கிய இடம் ஒன்றே என்பதில் சந்தேகமில்லை. நம் நாட்டுப் பாஷைகள் சம்ஸ்கிருதத்திலிருந்து சொற்களை எடுத்தாண்டதுபோல ஜப்பானியமும் கொரியமும் சீனத்திலிருந்து ஆயிரக்கணக்கான சொற்களை எடுத்துக்கொண்டன. கொரிய அகராதிச் சொற்களில் பாதிக்கு மேற்பட்டவை அந்த வழியில் வந்தவையே. நூல்நிலையம் ஜப்பானியத்தில் ‘தோஷோகான்’, கொரியத்தில் ‘தோசோக்வான்’. வாக்குறுதி ‘யாகுசோகு’, ‘யாக்சோக்’. வெப்பநிலை இரண்டிலும் ‘ஓந்தோ’. ஜப்பானில் அன்றாட உபயோகத்துக்கென்று அரசாங்கம் வகுத்த 2136 சீன எழுத்துக்களையும் வருந்திக் கற்ற மாணவனுக்கு, அந்த எழுத்துக்கள் கண்ணில் படாத கொரியப் பத்திரிகையிலும் அவை நிலத்தடி நீர்போல் உள்ளே ஓடிக்கொண்டிருப்பது தெரியவரும்.

அந்த நீரோட்டத்தைக் கண்டுபிடிப்பதற்குச் சில விதிகளும் இருக்கின்றன. பழைய சீனச் சொற்களில் பல, க், த், ப் போன்ற மெய்யோசையில் முடிந்தன. ஜப்பானியருக்கு அப்படி மெய்யில் முடித்துப் பழக்கமில்லை. ‘பாங்க்’ என்பதை நாம் ‘பாங்கு’ என்று உகரம் கூட்டிச் சொல்வதுபோல, அவர்களும் ஈற்றில் ஓர் உயிரைக் கூட்டிக்கொண்டார்கள். கொரியரோ ககர மெய்யை மெய்யாகவே வைத்துக்கொண்டு, தகர மெய்யை மட்டும் லகரமாக மாற்றினார்கள். ஆகையால் ஜப்பானியச் சொல் ‘கு’ என்று முடியுமிடத்தில் கொரியச் சொல் பெரும்பாலும் ‘க்’ என்று முடியும். ‘ச்சி’ அல்லது ‘த்சு’ என்று முடியுமிடத்தில் ‘ல்’ என்று முடியும். ஒன்று என்னும் எண் அங்கே ‘இச்சி’, இங்கே ‘இல்’. ஜப்பானியத்தில் நீண்டொலிக்கும் உயிர், கொரியத்தில் பலவிடங்களில் ‘ங்’ என்ற முடிவோடு நிற்கும். விமான நிலையம் அங்கே ‘கூகோ’, இங்கே ‘கோங்ஹாங்’. தத்துவ சாஸ்திரத்துக்கு ஜப்பானிய அறிஞர் நிஷி அமானே 19-ஆம் நூற்றாண்டில் சீன எழுத்துக்களைக் கொண்டு ஆக்கிய சொல் ‘தெத்சுகாகு’. ‘த்சு’ லகரமாகவும் ‘கு’ ககர மெய்யாகவும் மாற, அதுவே கொரியத்தில் ‘சோல்ஹாக்’ ஆகிறது. இந்த விதிகள் மனத்தில் படிந்தபின், ஒருநாளும் கேட்டறியாத கொரியச் சொல்லின் பொருளையும் ஊகித்துவிடும் சாமர்த்தியம் மாணவனுக்கு வந்துவிடுகிறது. அதோடு, ஜப்பானியத்தில் மனிதனைக் குறிக்கும் எழுத்தை இடத்துக்குத் தக்கபடி ‘ஹிதோ’ என்றும் ‘ஜின்’ என்றும் ‘நின்’ என்றும் வாசிக்கவேண்டியிருக்க, கொரியத்தில் அதற்கு ‘இன்’ என்ற ஒரே வாசிப்புத்தான் என்பதைக் கண்டு அவன் நிம்மதிப் பெருமூச்சும் விடுகிறான்.

ஆனால் ஊகம் எப்போதும் கைகொடுக்காது. ‘கோங்பு’ என்றால் கொரியத்தில் படிப்பு. அதே எழுத்துக்களை ஜப்பானியர் ‘குஃபூ’ என்று வாசித்து, யுக்தி செய்தல் என்று பொருள் கொள்கிறார்கள். கொரியத்தில் ‘ஏஇன்’ என்பது காதலரைக் குறிக்கும் கௌரவமான சொல். அதன் ஜப்பானிய வடிவமான ‘ஐஜின்’, மணவாழ்க்கைக்குப் புறம்பான தொடர்பைக் குறிக்கும். ஜப்பானியப் பொருளை நம்பிக் கொரியரிடம் பேசுபவனும், கொரியப் பொருளை நம்பி ஜப்பானியரிடம் பேசுபவனும் ஒருபோலவே தலைகுனிய நேரும்.

லிபியின் விஷயத்துக்கு வருவோம். கொரியரின் லிபியாகிய ஹங்குல், செஜோங் மன்னரால் 1443-ல் ஆக்கப்பட்டு 1446-ல் பிரகடனம் செய்யப்பட்டது. சீன எழுத்தைக் கற்க வசதியில்லாத ஏழை ஜனங்களும் தங்கள் மனத்திலுள்ளதை எழுதவேண்டும் என்ற கருணையே அதன் தோற்றத்துக்குக் காரணம். சீன நாகரிகத்தை விட்டு விலகுவது தகாதென்று அரசவைப் பண்டிதர் சோ மன்ரி 1444-ல் விண்ணப்பம் எழுதி எதிர்த்தும், மன்னர் தம் கொள்கையை விடவில்லை. ககரத்தை உச்சரிக்கும்போது நாவின் அடி தொண்டையை அடைப்பதுபோல் ஓர் உரு; நகரத்துக்கு நாநுனி மேலே தொடுவதுபோல் ஓர் உரு; மகரத்துக்கு வாயின் வடிவம்; மூச்சு அழுத்தமாக வரும் ஓசைக்கு அதே உருவின்மேல் இன்னொரு கோடு. உயிரெழுத்துக்களுக்கு வானம், பூமி, மனிதன் என்ற மூன்றுமே மூலம். தொடக்கத்தில் 28 ஆக இருந்த எழுத்துக்கள் இன்று 24. மெய்யெழுத்து இன்ன இடத்தில் பிறக்கிறது என்று வகுத்துச் சொல்லும் தொல்காப்பியப் பிறப்பியலைப் படித்தவர்களுக்கு, பிறப்பிடத்தையே எழுத்தின் உருவமாக்கிய இந்த விந்தை மிகுந்த மகிழ்ச்சியைத் தரும்.

இந்த இடத்தில்தான் ஜப்பானியம் கற்றவன் முதல் தவற்றைச் செய்கிறான். கொரியச் சொற்களுக்கு மேலே, தனக்குப் பழக்கமான ஜப்பானிய கானா எழுத்தில் உச்சரிப்பை எழுதி வைத்துக்கொள்கிறான். ஜப்பானியத்தில் உயிர்கள் ஐந்தே. கொரியத்தில் அதனினும் அதிகம். கொரியர் வேறு வேறாகச் சொல்லும் இரண்டுவித ஒகரமும் கானாவில் ஒன்றாகிவிடும். உதடு குவிந்த உகரமும் குவியாத உகரமும் அவ்வாறே. ஈற்று மெய்யும் உயிரேறி நின்றுவிடும். கொரியர் இரண்டே அசையில் ‘கிம்ச்சி’ என்று சொல்லும் ஊறுகாய், ஜப்பானியர் வாயில் ‘கிமுச்சி’ என்று மூன்று அசையாவது இதனாலேயே.

இங்கே மாணவன் தமிழனாக இருந்தால், ஜப்பானியத்தைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டுத் தன் சொந்த பாஷையை நினைத்துப் பார்ப்பது நலம். ‘காகம்’ என்பதில் முதற் ககரம் வன்மையாகவும் இடையிலுள்ள ககரம் மென்மையாகவும் ஒலித்தாலும் நாம் இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதுகிறோம். கொரியரும் அப்படியே எழுதுகிறார்கள். மாமிசத்தைக் குறிக்கும் ‘கோகி’ என்ற சொல்லில் இரண்டு ககரத்துக்கும் எழுத்து ஒன்றே, ஓசைதான் இடத்தினால் வேறு. ஜப்பானியருக்கு இவை இரண்டு தனித்தனி எழுத்துக்கள். சொல்லின் முதலில் ரகரம் வர இடம் கொடாமல் நாம் ‘இராமன்’ என்றும், லகரம் வர இடம் கொடாமல் லோகத்தை ‘உலகம்’ என்றும் ஆக்கிக்கொண்டோம்; தென் கொரியரும் சீனச் சொற்களில் அந்த ஓசையை முதலில் நிறுத்துவதில்லை. சமையலுக்கு ஜப்பானியர் ‘ரியோரி’ என்பதைத் தென் கொரியர் ‘யோரி’ என்கிறார்கள். வட கொரியரோ ரகரத்தை விடாமல் வைத்திருக்கிறார்கள். வாக் என்பதும் மயம் என்பதும் சேர்ந்து ‘வாங்மயம்’ ஆவதும், ஜகத், நாதன் இரண்டும் சேர்ந்து ‘ஜகந்நாதன்’ ஆவதும் நமக்குத் தெரிந்த சந்தி. அதே சந்தி கொரியத்தில் நாள்முழுதும் பேச்சில் நடக்கிறது: கொரியா ‘ஹங்குக்’, பேச்சு ‘மால்’, இரண்டும் சேர்ந்தால் எழுத்தில் மாற்றமில்லை, வாயிலோ ‘ஹங்குங்மால்’.

ஆனால் ஒரு விஷயத்தில் தமிழும் உதவாது, ஜப்பானியமும் உதவாது. சந்திரனுக்கும் மகளுக்கும் முகமூடிக்கும் கொரியத்தில் உள்ள மூன்று சொற்களும் அயலார் காதுக்கு ‘தால்’ என்றே கேட்கும். முதலாவதில் தகரம் இயல்பானது. இரண்டாவதில், ‘பத்து’ என்பதன் நடுவிலுள்ள இரட்டைத் தகரத்தைப்போல் இறுக்கமானது, ஆயின் சொல்லின் முதலிலேயே நிற்பது. மூன்றாவதில் பெருமூச்சு கலந்தது. இந்த மூன்றையும் பிரித்தறிய இலக்கணப் புத்தகத்தால் ஆகாது. கேட்டுக் கேட்டு, சொல்லிச் சொல்லிச் செய்யும் அப்யாசத்தினால்தான் ஆகும்.

மரியாதைச் சொற்களின் விஷயம் இதைவிட நுட்பமானது. இரண்டு நாட்டாரும் வினையிலேயே மரியாதையைப் பொதிந்து பேசுகிறவர்கள். ஆனால் ஜப்பானியருக்கு அகத்தார், புறத்தார் என்ற பாகுபாடே பிரதானம். புறத்தாரிடம் பேசும்போது தம் வீட்டுப் பெரியவர்களையும் தம் நிறுவனத்துத் தலைவரையுங்கூடத் தாழ்த்தியே பேசுவது அவர்களுடைய விநயம். தந்தையை அப்படித் தாழ்த்திக் கூறுவது கொரியருக்கு ஒவ்வாது. கேட்பவர் யாரானாலும் தந்தை தந்தைதான், தலைவர் தலைவர்தான். ‘அப்பா ஊருக்குப் போயிருக்கிறார்’ என்று யாரிடமும் கூசாமல் சொல்லிப் பழகிய நமக்கு இந்த வழக்கம் சொல்லாமலே விளங்கும். ஜப்பானிய வழக்கத்தை வருந்திக் கற்றவனே இங்கே அதை மறக்கவேண்டியிருக்கிறது. மூத்தோரை உறவுமுறை சொல்லி அழைக்கும் பழக்கமும் கொரியருக்கு உண்டு. ஆனால் அண்ணனைத் தம்பி ‘ஹ்யோங்’ என்றும் தங்கை ‘ஒப்பா’ என்றும், அக்காளைத் தம்பி ‘நுனா’ என்றும் தங்கை ‘ஒன்னி’ என்றும் அழைக்கவேண்டும். அழைப்பவர் ஆணா பெண்ணா என்பதும் அங்கே கணக்கு. கொரியர் புதிதாக அறிமுகமானவரின் வயதை விசாரிப்பது, எந்த முறையில் பேசுவது என்று தெரிந்துகொள்வதற்காகவே.

இவையெல்லாம் இலக்கணம். இதற்குமேல் சரித்திரம் ஒன்று இருக்கிறது; ஜப்பானியத்தின் வழியாகக் கொரியத்துக்கு வருகிறவன் அதை அறியாமல் இருப்பது தகாது. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அந்த ஆட்சியின் பிற்பகுதியில், பள்ளிக்கூடங்களில் கொரிய பாஷை முதலில் விருப்பப் பாடமாகி, பிறகு இல்லாமலே போயிற்று. 1940-ல் கொரியர்கள் தங்கள் பெயர்களையும் ஜப்பானிய முறைக்கு மாற்றிக்கொள்ள நிர்ப்பந்திக்கப்பட்டார்கள். தம் பாஷைக்கு ஒரு பேரகராதி தொகுத்துக்கொண்டிருந்த கொரிய மொழிச் சங்கத்தாரை 1942-ல் போலீஸார் கைது செய்தனர். அவர்களில் லீ யுன்ஜே, ஹான் ஜிங் என்ற இருவர் சிறையிலேயே உயிர் நீத்தனர். பறிமுதல் செய்யப்பட்ட அகராதிக் கையெழுத்துப் பிரதிகள் என்னவாயினவோ என்று ஏங்கியிருந்தபோது, விடுதலை கிடைத்த மறுமாதமே, 1945 செப்டம்பரில், சியோல் ரயில் நிலையத்துச் சரக்குக் கிடங்கில் அவை அகப்பட்டன. அவற்றைக்கொண்டு 1947-ல் முதற்பாகமும், 1957-ல் ஆறாவதும் கடைசியுமான பாகமும் வெளிவந்தன. கட்டுச்சோற்றுக்கு வழங்கிவந்த ‘பெந்தோ’ என்ற ஜப்பானியச் சொல்லை விலக்கி, ‘தோசிராக்’ என்ற தம் சொல்லைக் கொரியர் மீட்டுக்கொண்டதும் இந்தச் சரித்திரத்தின் தொடர்ச்சியே. ஆகவே, ‘எனக்கு ஜப்பானியம் தெரியும், உங்கள் பாஷையும் அதைப்போலத்தானே?’ என்று ஒரு கொரிய முதியவரிடம் சொல்லும் மாணவன், தான் புகழ்வதாக நினைத்துக்கொண்டு அவர் மனத்தை நோகச் செய்துவிடக்கூடும்.

இந்தச் சரித்திரத்தை நன்கறிந்தே கொரியத்தைக் கற்ற ஜப்பானியர்களும் உண்டு. கவி நோரிகோ இபராகி 1975-ல் கணவரை இழந்தார். மறுவருஷம், தம் ஐம்பதாவது வயதில், கொரிய பாஷை வகுப்பில் சேர்ந்தார். அந்தக் காலத்து ஜப்பானில் ஆங்கிலமோ பிரெஞ்சோ கற்பது பெருமை. அண்டை நாட்டுப் பாஷையைக் கற்க விரும்பியவர்கள் மிகச் சிலரே. பத்து வருஷங்களுக்குப் பின், 1986-ல், ஹங்குலை நோக்கிய தம் யாத்திரையை அவர் ஒரு நூலாக எழுதினார். 1990-ல் தற்காலக் கொரியக் கவிதைகளைத் தாமே தேர்ந்து ஜப்பானியத்தில் மொழிபெயர்த்தார். ஜப்பானில் படிக்க வந்து, கொரியத்திலேயே கவிதை எழுதி, 1943-ல் கைதாகி, 1945 பிப்ரவரியில் 27-ஆவது வயதில் ஃபுகுவோகா சிறையில் இறந்த யுன் தோங்ஜு என்ற இளங்கவியைப் பற்றி அவர் அந்த யாத்திரை நூலில் எழுதிய கட்டுரை, பிற்பாடு ஜப்பானிய உயர்நிலைப் பள்ளிப் பாடப்புத்தகத்திலும் இடம்பெற்றது. அந்தக் கவியைக் கொன்ற சிறை இருந்த நாட்டின் பிள்ளைகள் அவர் பெயரை அறிந்துகொண்டதற்கு, ஒரு பெண்மணி ஐம்பது வயதில் அரிச்சுவடியைத் திறந்தது காரணமாயிற்று.

அமெரிக்க அரசாங்கம் தன் தூதரக உத்தியோகஸ்தருக்குப் பாஷை கற்பிக்கும் நிலையத்தில், ஆங்கிலம் பேசுவோருக்கு மிகக் கடினமானவை என்று வகுத்த சில பாஷைகளில் ஜப்பானியமும் கொரியமும் சேர்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் சுமார் 2200 மணி நேர வகுப்பு வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நமக்கு அவ்வளவு வேண்டியிராது. ஜப்பானியம் கற்ற தமிழர்களுக்குச் சொற்கடலும் வாக்கியப் போக்கும் பாதிக்குமேல் கைவந்தவை. ஓசையிலும் மரியாதையிலும் தமிழே வழிகாட்டும். ஆகையால், வாசக நண்பர்களில் இந்த முயற்சியில் இறங்குகிறவர்கள், முதல் வாரத்திலேயே கானாவை மூடிவைத்து ஹங்குலை ஹங்குலாகவே வாசிக்கப் பழகட்டும்; சீனவழிச் சொல் ஒவ்வொன்றையும் அதன் மூல எழுத்தோடு குறித்து வைத்து, பொருள் ஒன்றுதானா என்று அகராதியைப் பார்த்து நிச்சயம் செய்துகொள்ளட்டும்; பேச்சையும் மரியாதையையும் கொரியர்களிடமிருந்தே கற்கட்டும். எழுதிக் காட்டியே காரியத்தை முடித்துக்கொண்டிருக்கக்கூடிய அமெனோமோரி ஹோஷூ, மாணவனாகக் கடல் கடந்து போனது அதற்காகவே.